மொபிலிட்டி ஸ்கூட்டர்: கடலோர ஊரில் ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நெடுந்தூரம் நடக்க இயலாத, ஆனால் நிமிர்ந்து உட்காரவும் இரு கைகளாலும் ஹேண்டிலைப் பிடிக்கவும் முடிகிறவர்களுக்காகச் செய்யப்படும் மூன்று அல்லது நான்கு சக்கர மின் ஊர்தியை மொபிலிட்டி ஸ்கூட்டர் என்கிறோம். மூட்டுத் தேய்மானம், பக்கவாதத்துக்குப் பிந்தைய தளர்ச்சி, இதய நோய், நுரையீரல் நோய் ஆகியவற்றால், வீட்டுக்குள் நாலடி நடந்தாலும் தெருமுனைக் கடைவரை போக முடியாதவர்களுக்கு இது பெரும் உதவி. புதுச்சேரியும் கடலூரும் பெரும்பாலும் சமதளமான ஊர்கள் என்பதால் இந்த வண்டிக்கு ஏற்றவை. ஆனால் உப்புக் காற்று, சித்திரை வெயில், ஐப்பசி கார்த்திகை அடைமழை ஆகிய மூன்றும் இங்கே இதற்குப் பகை. வண்டியோடு வரும் கையேடு பெரும்பாலும் குளிர் நாட்டவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால், அதில் இல்லாத பலவற்றை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கையை விட்டால் நிற்கும் வண்டி

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வண்டியில் ஓடுவதற்குத்தான் கை வேலை செய்கிறது. நிற்பதற்குக் கை வேலை செய்வதில்லை. ஹேண்டிலில் உள்ள சிறு நெம்புகோலை விரலால் அழுத்தினால் மோட்டார் ஓடும். விரலை எடுத்தால் மோட்டார் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிற்கும், நின்றவுடன் மின்காந்த பிரேக் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பிரேக் மின்சாரம் பாயும்போது திறந்தும், மின்சாரம் நின்றால் மூடியும் இருக்கும்படி செய்யப்பட்டது. அதனால் பேட்டரி தீர்ந்தாலும் வண்டி சரிவில் உருண்டு போவதில்லை.

நாற்பது ஆண்டு சைக்கிளும் டிவிஎஸ் 50-உம் ஓட்டிப் பழகிய பெரியவர்களுக்கு இதுதான் சிக்கல். குறுக்கே நாய் ஓடி வந்தால் அவர்கள் கை தன்னிச்சையாக ஹேண்டிலை இறுகப் பிடிக்கும். சைக்கிளில் அது பிரேக், இதில் அதுவே ஆக்சிலேட்டர். புதிதாக ஓட்டுகிறவர்கள் சுவரிலும் வாசற்படியிலும் மோதுவதற்கு இந்தப் பழைய பழக்கமே முக்கியக் காரணம். ஆகையால் முதல் சில நாட்கள் தெருவுக்கே போகாமல், ஒருவர் பக்கத்தில் நின்று "விடுங்க" என்று எதிர்பாராத நேரத்தில் சொல்லச் சொல்ல, விரலை விரித்துவிடும் பயிற்சியை மட்டும் செய்ய வேண்டும். அது யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகிய பிறகே மற்றவை. இனி இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் பராமரிப்பு முறைகளில் பலவும், விட்டால் நிற்கும் இந்த இயல்பு கெடாமல் காப்பதற்காகவே.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும். காலை நீட்டவும் இடம் கிடைக்கும். ஆனால் வேகமாகத் திருப்பினாலோ பக்கவாட்டுச் சரிவில் ஓட்டினாலோ கவிழும் வாய்ப்பு அதற்கு அதிகம். நான்கு சக்கர வண்டி திரும்புவதற்கு அகலமான இடம் கேட்கும். நிலைப்பு அதற்குக் கூடுதல். லாஸ்பேட்டை போன்ற அகலத் தெருக்களில் குடியிருப்பவர் நான்கு சக்கரத்தையே எடுப்பது நல்லது என்பது என் கருத்து. முத்தியால்பேட்டையின் ஒடுங்கிய சந்தில் வீடு இருந்தால், வாசல் கேட்டின் அகலத்தையும் வண்டி திரும்பத் தேவையான இடத்தையும் டேப்பால் அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது சரிவு. வீட்டு வாசலில் பைக் ஏற்றுவதற்காகக் கொத்தனார் பூசிவிடும் சரிவு, இந்த வண்டிக்கு ஏறத்தாழ எப்போதுமே செங்குத்தானது. சக்கர நாற்காலிச் சரிவுக்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் சொல்லும் அளவு 1:12. அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வெள்ளத்துக்கு அஞ்சி ஒன்றரை அடி உயர்த்திக் கட்டிய வீட்டுக்குப் பதினெட்டு அடி நீளச் சரிவு தேவைப்படும் என்று கணக்குப் பார்த்தால், பல வீடுகளில் வண்டியை உள்ளே ஏற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, திண்ணை ஓரத்திலோ போர்ட்டிகோவிலோ கூரையும் பிளக் பாயிண்ட்டும் உள்ள ஓர் இடத்தை ஒதுக்குவதே அறிவுடைமை என்பது விளங்கும்.

ஒரே சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விற்பனையாளர் சொல்லும் கணக்கு, புதிய பேட்டரி, சமதளம், மெலிந்த உடல், இதமான வெப்பம் ஆகியவை சேர்ந்த நிலைக்கு உரியது. அதில் பாதியை நம்பிப் பயணத்தைத் திட்டமிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியிராது. ஓட்டுபவரின் எடையோடு பையில் வாங்கிவரும் காய்கறியின் எடையையும் கூட்டி, வண்டி தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள பேட்டரி ஊர்தி, சான்றிதழ் உள்ளிட்ட சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. வண்டியின் தகட்டில் மோட்டார் திறன் எவ்வளவு என்று பார்த்து, சான்றின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இறக்குமதியாகும் மாதிரிகள் பலவற்றில் காணப்படும் வேக அளவுகள் பிரிட்டனின் விதிகளை ஒட்டியவை: அங்கே நடைபாதைக்கு மணிக்கு 4 மைல், சாலைக்கு 8 மைல். நம் தெருவில் இந்த இரண்டில் முதலாவதே, அதாவது சுமார் 6 கிலோமீட்டரே, பெரும்பாலான நேரங்களில் போதுமானது.

ஏறுவதும் இறங்குவதும்

வண்டி ஓடும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது; ஏறி இறங்கும் நேரத்திலும் விழுந்து அடிபடுவது உண்டு. சாவி போட்டிருக்கும் வண்டியில் எழுந்து நிற்க முயலும்போது, பிடிமானத்துக்காக ஹேண்டிலைப் பற்றும் கை நெம்புகோலையும் சேர்த்து அழுத்திவிடுகிறது. வண்டி நகர்கிறது, ஆள் விழுகிறார். ஆகவே முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு சீட்டின் அடியில் உள்ள கொக்கியைத் தூக்கி, சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி, அது "டக்" என்று பூட்டிக்கொண்டதா என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிந்த பின், ஹேண்டிலை அல்லாமல் சீட்டின் கைப்பிடிகளை ஊன்றி எழ வேண்டும். ஏறும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்புறம் திருப்பிப் பூட்டி, கால்களைப் பலகையில் வைத்து, வேகத் திருகியைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து, கடைசியாகத்தான் சாவி.

நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கால் பலகையிலிருந்து நழுவித் தரையில் உரசினாலும் அவர்களுக்குத் தெரியாது. பின்பட்டி உள்ள செருப்பை அணிவதும், இடையிடையே குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதும் அவர்களுக்குக் கட்டாயம். மருந்து சாப்பிட்டுவிட்டு உணவு தாமதமாகும் நாட்களுக்காகச் சர்க்கரையோ மிட்டாயோ பையில் இருக்கட்டும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்ட பின் வண்டியைத் தொடவே கூடாது. புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தில் துணி சுற்றினால் ஆளையே இழுத்துவிடும்.

தெருவில்

பயிற்சிக்கு உகந்த இடம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை அங்கே வாகனங்கள் விடப்படுவதில்லை என்பதால், அதிகாலையில் தரையும் சமமாக இருக்கும், கூட்டமும் கலைந்து இருக்கும். இது நடக்க இயலாதவருக்கான சாதனம் என்பதைப் பணியில் இருக்கும் காவலரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டுக்கொண்டால், நடுவில் நிறுத்தி விளக்க வேண்டிய சங்கடம் இருக்காது. மாலையில் காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகள் ஓடியாடும் நேரத்தில் அங்கே பழகுவது உசிதமல்ல.

சாலையில் போகும்போது இடது ஓரமாக, நேர்கோட்டில் போக வேண்டும். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு இடையே நுழைந்து நுழைந்து வெளியே வந்தால் பின்னால் வருபவருக்கு நம் போக்குப் புரியாது. இந்த வண்டியின் உயரம் குறைவு. பேருந்து ஓட்டுநரின் கண்ணில் படாமல் போவது எளிது. ஆகவே சீட்டின் பின்னால் நெடிய கம்பியில் ஒரு செம்மஞ்சள் கொடி, பின்புறம் ஒளியை எதிரொளிக்கும் பட்டை, இருபுறமும் கண்ணாடி ஆகியவற்றைப் பொருத்துவது வீண் ஆடம்பரமாகாது. அண்ணா சாலை, மறைமலை அடிகள் சாலை, கடலூரில் மஞ்சக்குப்பம் பகுதியின் பிரதான சாலை ஆகியவற்றை நெரிசல் நேரத்தில் தவிர்த்து, உட்தெருக்கள் வழியாகச் சுற்றிப் போவதே நல்லது. நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

வேகத்தடையையும் நடைபாதை விளிம்பையும் எப்போதும் நேருக்கு நேராக, இரண்டு முன்சக்கரங்களும் ஒரே சமயத்தில் தொடும்படி அணுக வேண்டும். சாய்வாக ஏறினால் ஒரு சக்கரம் மேலும் ஒரு சக்கரம் கீழுமாக வண்டி கவிழும். கையேட்டில் சொல்லப்பட்ட உயரத்துக்கு மேற்பட்ட விளிம்பில் ஏறவே கூடாது. சரிவில் ஏறும்போது உடலைச் சற்று முன்னே சாய்க்க வேண்டும். இறங்கும்போது வேகத் திருகியைக் கடைசிக்குக் குறைக்க வேண்டும். சரிவின் நடுவில் திரும்பக் கூடாது, பின்னோக்கி ஓட்டவும் கூடாது. மூடி உடைந்த வாய்க்கால், ஜல்லி பரப்பிய தெரு, கடற்கரை மணல் ஆகியவை சிறு சக்கரங்களுக்கு ஆகாதவை. தேவனாம்பட்டினத்துக்குப் போனால் தார் முடிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். காந்தி வீதியின் ஞாயிறு சந்தையிலும், திருப்பாதிரிப்புலியூர் தேர்த் திருவிழாவிலும் இந்த வண்டியோடு நுழைவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பின்சக்கரத்தின் அருகே ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் மோட்டாரும் பிரேக்கும் சக்கரத்திலிருந்து விடுபட்டு, வண்டியைக் கையால் தள்ளிப் போக முடியும். இதை ஃப்ரீவீல் என்பார்கள். இந்த நிலையில் வண்டிக்குப் பிரேக் என்பதே கிடையாது. ஆள் உட்கார்ந்திருக்கும்போதோ சரிவிலோ இதை மாற்றவே கூடாது. தள்ளி முடித்ததும் பழைய நிலைக்குத் திருப்பி, வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகே உட்கார வேண்டும். தெருப் பிள்ளைகளுக்கு இந்த நெம்புகோல் ஒரு விளையாட்டுப் பொருள். அதனால் வெளியில் நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் சோதிக்க வேண்டும்.

பேட்டரி

வண்டி வாங்கிய பிறகு தொடர்ந்து வரும் செலவுகளில் பெரியது பேட்டரியே. பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் தருகின்றன. இவை மூடி வைக்கப்பட்ட வகை என்பதால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இவற்றுக்கு இரண்டு பகைகள். ஒன்று, வற்றிய நிலையில் கிடப்பது. சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இன்னொன்று வெப்பம். 25 டிகிரி செல்சியஸில் கணக்கிடப்பட்ட ஆயுள், ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ பாதியாகிறது. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். ஓலைக் கீற்று வேய்ந்த நிழலோ மாமரத்தடியோ தகரத்தைவிட மேல்.

லித்தியம் பேட்டரி எடை குறைந்தது, நெடுநாள் உழைப்பது. ஆனால் அதன் நடைமுறை வேறு. நெடுநாள் ஓட்டப் போவதில்லை என்றால் ஈய-அமில பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து வைத்து மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதியளவு சார்ஜில் வைப்பதே அதற்கு நல்லது. ஒன்றுக்குரிய சார்ஜரை மற்றதற்குப் பயன்படுத்துவது தீ விபத்துக்கே வழி வகுக்கும்.

சார்ஜ் செய்யும் முறை பின்வருமாறு.

1. சாவியை எடுத்துவிட்டு, வெயிலில் ஓடி வந்த வண்டியை அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும்.
2. மூன்று முனை பிளக்கை, எர்த் சரியாக உள்ள சாக்கெட்டில் மட்டுமே செருக வேண்டும். எர்த் முனையை ஒடித்துவிட்டு இரு முனைச் சாக்கெட்டில் திணிக்கும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது.
3. முதலில் சார்ஜர் கம்பியை வண்டியில் பொருத்தி, பிறகு சுவர் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது சுவிட்சை அணைத்த பிறகே கம்பியை உருவ வேண்டும். கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.
4. சார்ஜரின் மேல் துணி, செய்தித்தாள் எதுவும் இருக்கக் கூடாது. அதன் காற்றுத் துளைகள் திறந்திருக்க வேண்டும்.
5. விளக்கு பச்சையாகும்வரை இடையில் நிறுத்தாமல் விட வேண்டும். ஈய-அமில வகைக்கு இது எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை பிடிக்கலாம்.

ஈய-அமில பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் இரவு முழுவதும் சார்ஜில் விடலாம். லித்தியத்தை வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஏற்றுவதே நல்லது. அதுவும் படுக்கையறையிலோ, வெளியேறும் ஒரே வாசலை அடைத்தபடியோ கூடாது. பேட்டரி உப்பினாலோ, தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, விசித்திர வாசனை வந்தாலோ சுவிட்சை அணைத்து விலகிவிட வேண்டும். தீப்பிடித்தால் வண்டியைக் காப்பாற்ற முயலாமல் ஆட்களை வெளியேற்றி 101-ஐ அழைக்க வேண்டும். மின்வெட்டின்போது வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வண்டியை ஏற்றுவது, ஒரு பேட்டரியைக் காலி செய்து இன்னொன்றை அரைகுறையாக நிரப்பும் வேலையாகும்.

பேட்டரியின் உடல்நிலையை மல்டிமீட்டர் கொண்டு நாமே பார்க்கலாம். முழுச் சார்ஜ் ஆகிச் சில மணி நேரம் ஓய்ந்த 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.7 முதல் 12.9 வரை காட்டும், 12.2 அளவில் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரிந்தால் ஒன்று நலிந்துவிட்டது. அப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதோடு புதியதை இணைத்தால் புதியதும் விரைவில் பழையதாகிவிடும்.

உப்பு, மழை, புயல்

கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஈரத் துணியால் வண்டியைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். ஹோஸ் குழாயால் பீய்ச்சிக் கழுவக் கூடாது. ஹேண்டிலின் உள்ளேயும் சீட்டின் அடியிலும் மின்பலகைகள் இருக்கின்றன. பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, மீண்டும் இறுக்கிய பின் மேலே மெல்லிய பூச்சாக வாசலின் தடவ வேண்டும். ஹேண்டிலை மடக்கும் மூட்டு, சீட்டுத் தண்டு ஆகியவற்றில் துரு தலைகாட்டுகிறதா என்று அவ்வப்போது பார்த்து, சிறிதளவு கிரீஸ் வைக்கலாம். பிரேக் பகுதியில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது.

தூறலில் மாட்டிக்கொண்டால் ஹேண்டில் பலகையை ஒரு பாலித்தீன் பையால் மூடிக்கொண்டு வீடு திரும்பலாம். தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. மோட்டாரும் பிரேக்கும் பின் அச்சின் உயரத்திலேயே இருப்பதால் கணுக்கால் அளவுத் தண்ணீரே அவற்றை எட்டிவிடும். தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் வாய்க்கால் வேறு கண்ணுக்குத் தெரியாது.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலையாக வண்டியை முழுமையாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைப் பிளக்கிலிருந்து உருவி உயரத்தில் வைத்து, வண்டியை வீட்டில் தரை மிக உயரமாக உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைப் போடுவதுதான் செய்யக் கூடாத காரியம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். கடல்நீர் கலந்த வெள்ளமாக இருந்தால் தாமதிக்கவே கூடாது.

வழக்கமான சோதனையும் சில கோளாறுகளும்

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் ஃப்ரீவீல் நெம்புகோல், சீட்டின் பூட்டு, ஹாரன், விளக்கு ஆகியவற்றை ஒரு கண் பார்த்தாலே போதும். வாரம் ஒருமுறை டயரின் காற்றை அளக்க வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவைத் தாண்டக் கூடாது; பஞ்சர் கடையில் லாரி டயருக்கு அடிக்கும் குழாயால் கண் மூடித் திறப்பதற்குள் சிறு டயர் வெடித்துவிடும் என்பதால், கைப்பம்பே உத்தமம். காற்று ஒரு பக்கம் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமாகவே இழுக்கும்.

மாதம் ஒருமுறை பிரேக்கைச் சோதிக்க வேண்டும். மெல்லிய சரிவில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ஹேண்டிலில் உள்ள நெம்புகோலை விட வேண்டும். வண்டி நின்று, நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். சிறிதளவு உருண்டாலும் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அதேபோல நெம்புகோலிலிருந்து விரலை எடுத்ததும் அது தானாக நடு நிலைக்குத் துள்ளி வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் உள்ளே மணலோ துருவோ சேர்ந்திருக்கிறது, அதன் ஸ்பிரிங் தளர்ந்தும் இருக்கலாம்.

வண்டி கிளம்பவே மறுத்தால் பதறாமல் எளியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். சார்ஜர் கம்பி இன்னும் செருகியிருந்தால் பல வண்டிகள் நகராது. ஃப்ரீவீல் நிலையில் இருந்தாலும் நகராது. நெம்புகோலை அழுத்தியபடியே சாவியைப் போட்டால் பாதுகாப்புக்காகப் பூட்டிக்கொள்ளும். சாவியை அணைத்து, கையை எடுத்து, மீண்டும் போட்டால் சரியாகிவிடும். ஏற்றத்தில் திணறி நின்றிருந்தால் சர்க்யூட் பிரேக்கர் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், சில நிமிடம் கழித்து உள்ளே அழுத்தலாம். பீப் ஒலியோ விளக்கோ விட்டுவிட்டு வந்தால் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, கையேட்டின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மெக்கானிக்குக்குத் தொலைபேசியில் சொல்லவும் அந்த எண்ணிக்கையே உதவும். ஃப்யூஸ் எரிந்தால் அதே அளவுள்ள ஃப்யூஸையே போட வேண்டும், செப்புக் கம்பியைச் சுற்றிச் சமாளிக்கக் கூடாது. மோட்டாரிலிருந்து கரகரவென்ற ஒலியும் விட்டுவிட்டு இழுக்கும் தன்மையும் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும். அதையும், கன்ட்ரோலர், பிரேக் ஆகியவற்றையும் வீட்டில் பிரிக்காமல் இந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கிடமே விட வேண்டும்.

ஆயுள் முடிந்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடக் கூடாது. ஈயமும் அமிலமும் மண்ணில்தான் போய்ச் சேரும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்பதால், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய தொகையைப் பில்லில் கழித்துத் தரும்படி கேட்கலாம்.